குளித்துவிட்டு வரச் சொன்னார்கள்

அஞ்சலேக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்காரத் தெரியாது. மொரீஷியஸ் தீவிலிருந்து எம்.சி.ஏ. படிக்க வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் பாண்டிச்சேரி, ராமேஸ்வரம், மைசூர், ஹம்பி என்று முன்பதிவு இல்லாத பெட்டிகளில் தொற்றிக்கொண்டே போய் வந்துவிட்டாள். போன இடத்திலும் தங்க மாட்டாள். பாண்டிச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களோடு அரட்டை அடித்துவிட்டு, அவர்கள் காபிக்குக் கூப்பிட்டபோது கடலூர் பஸ்ஸில் ஏறியவள். வெளியூர் போகாத ஞாயிறுகளில் காஞ்சிபுரத்துக்குள்ளேயே அலைவாள். அந்த ஊரில் என்றைக்கும் ஏதாவது ஒரு கோவிலில் உற்சவம். நாகஸ்வரம் எந்தத் தெருவிலிருந்து கேட்கிறதோ அந்தத் தெருவுக்குச் சைக்கிளைத் திருப்புவாள். பாதியில் வேறொரு பக்கம் சத்தம் கேட்டால் அங்கே போய்விடுவாள்.

செவிலிமேட்டில் சபாபதியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். அங்கிருந்து ஏனாத்தூரில் இருந்த கல்லூரிக்கு பஸ் மாறிப் போகவேண்டும். அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சபாபதியின் மனைவி அம்சவேணி முதல் நாளே அவள் பெயரைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“அஞ்சலையா? எங்க ஊட்டாண்ட கீரை விக்கிறவங்க பேரும்மா அது. அமெரிக்காகாரி மாதிரி பேண்ட்டு போட்டுக்கினு அஞ்சலைன்ற!”

“அமெரிக்கா அல்ல அக்கா, மொரீஷியஸ். அங்கே இது வழக்கமான பெயர்தான்,” என்றாள் அஞ்சலே.

அவள் பேச்சைக் கேட்டு அம்சவேணிக்கு இன்னும் சிரிப்பு வந்தது. தீவில் பள்ளிக்கூடத்துப் பாடமாகத் தமிழ் படித்தவள் அஞ்சலே. வீட்டில் கிரியோல்தான். அதனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்கப் புத்தகத் தமிழ். ‘பேருந்து வருமா?’ என்று கேட்டு நின்றால் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும். ரேடியோவில் நியூஸ் வாசிப்பது மாதிரி இருக்கிறது என்றார் சபாபதி.

பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார்கள். உங்க சொந்த ஊர் எது, நீங்க இன்னா ஆளுங்க? அவளுக்குத் தெரியாது. தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார் என்பதே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றால் ஒருவரும் நம்பவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வாத்தியார் அவளைப் பிள்ளைமார் என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் முதலியார் என்றார். அம்சவேணி யோசிக்கவே இல்லை. “மூக்கப் பாத்தாலே தெரியுது, எங்க ஆளுங்கதான்” என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து சமையலறை வரைக்கும் அவளை வரவிட்டாள்.

சபாபதி மைக் செட் வைத்திருந்தார். ஒரு பழைய வேன், எட்டூருக்குக் கேட்கும் குழாய் ஸ்பீக்கர்கள், இரண்டு ஆம்ப்ளிஃபையர், பெட்டி நிறைய பக்திப் பாட்டு கேசட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் திருவிழா என்று வாரம் முழுக்க ஓடுவார். ஒரு சனிக்கிழமை அஞ்சலே சும்மா வேனில் ஏறினாள். அதன்பிறகு ஏறாத வாரம் கிடையாது. ஒயர் இழுத்துக் கொடுப்பாள். கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டும்போது கீழிருந்து கயிற்றைப் பிடிப்பாள். ஒரு ஊரில் இறக்கி, கட்டி, பாட்டுப் போட்டு, அவிழ்த்து ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற அந்தப் பிழைப்பு அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

1998ஆம் வருஷம் ஆடி மாதம் அம்சவேணி மாடிக்கு ஏறி வந்தாள்.

“அஞ்சல, ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல கூழ் ஊத்தறாங்க. உன் மேளத்த எடுத்துக்கினு வா. மைக்குல பாடப் போற.”

“நானா? என்ன பாட வேண்டும்?”

“அம்மன் மேல எதுனா பாடு. உங்க ஊர்ல காவடிக்கெல்லாம் பாடுவீங்கன்னியே. எங்கண்ணங்கிட்ட சொல்லிட்டேன். நோட்டீஸ்லயே போட்டாச்சு. மொரீஷியஸ் புகழ் அஞ்சலையாம்!”

அஞ்சலே சிரித்தாள். புகழ் என்று ஒன்றும் இல்லை. அந்த மேளம்தான் உண்மை. ராவான் என்று பெயர். மரவளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, மடியில் நிறுத்தி விரல்களால் அடிப்பது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தீவில் ஆடிய சேகா ஆட்டத்துக்கு வாசிக்கும் மேளம். மாஹேபூர் கடற்கரையில், அவர்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் குடியிருந்த மீனவக் குடும்பத்தில் மார்லேன் என்ற பெண்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். அஞ்சலேயின் அப்பா ஊர்க் கோவில் சங்கத்தில் செயலாளர். மகள் கடற்கரையில் உட்கார்ந்து ராவான் அடித்ததைப் பார்த்த அன்று அவர் கத்தவில்லை. “அவர்கள் வேறு, நாம் வேறு. இனி அங்கே உட்காராதே” என்று மட்டும் சொன்னார். அவள் மறுபடியும் போய் உட்கார்ந்தாள். விமானத்தில் ஏறியபோது துணிகளுக்கு நடுவில் வைத்து ராவானைக் கொண்டுவந்தாள். செவிலிமேட்டு மாடியில் ஒரு ஆணியில் அது தொங்கியது.

ஞாயிறு விடிந்ததும் வேன் கிளம்பியது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாகறலையும் தாண்டி, செய்யாற்றங்கரையோரம் உள்ளே தள்ளி இருந்தது அம்சவேணியின் ஊர். வழியெல்லாம் தூறல். அம்சவேணி முன்சீட்டில் புதுச்சேலை கசங்காமல் உட்கார்ந்து ஊர்ச் சங்கதி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அண்ணன் நமச்சிவாயம்தான் விழாவுக்குத் தலைவர். ரைஸ் மில் வைத்திருக்கிறார், கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. வேன் நின்றதும் அவரே வந்து அஞ்சலேயைக் கும்பிட்டார். “வாம்மா, வா. கடல் தாண்டி வந்து எங்காத்தாளுக்குப் பாடப் போற. எங்க கொடுப்பினை” என்றார். அதில் பொய் இல்லை.

சபாபதி ஸ்பீக்கர் கட்டி முடித்தார். அஞ்சலே மேடைக்குப் பின்னால் நின்று ராவானைத் தட்டிப் பார்த்தாள். தூறல் ஈரத்தில் தோல் தொய்ந்து, நனைந்த அட்டையைத் தட்டியது போல் சத்தம் வந்தது. நெருப்பில் காட்டினால்தான் இறுகும். அடுப்பைத் தேடினாள். கூழ்ப் பானைகளை இறக்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்கள். அப்போது கோவிலுக்கு எதிர்ப்புறம், ஏரிக்கரைப் புளியமரத்தடியிலிருந்து புகை வருவதைப் பார்த்தாள்.

அங்கே ஆறேழு பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பறையைத் தீயில் காட்டித் திருப்பி, உள்ளங்கையால் தடவி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். மார்லேன் வீட்டு முற்றத்தில் அவள் பார்த்ததும் இதுதான். அங்கே வைக்கோலுக்குப் பதில் காய்ந்த தென்னை மட்டை, அதே திருப்பல், அதே தடவல். அஞ்சலே நடக்கவில்லை, ஓடினாள்.

“எனக்கும் கொஞ்சம் நெருப்பு வேண்டும்,” என்றாள்.

அவர்கள் எழுந்துகொண்டார்கள். நடுவில் இருந்தவர் முருகேசன், முப்பது வயதிருக்கும், காஞ்சிபுரத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை, திருவிழாவுக்காகக் காலனிக்கு வந்திருந்தார். அவர் அவளையும் பார்த்தார், கோவில் பக்கமும் பார்த்தார்.

“இன்னாமா இது, சல்லடை மாதிரி?”

“ராவான். ஆட்டுத் தோல்.”

“இது மாட்டுத் தோலு,” என்றார் முருகேசன், தன் பறையைக் காட்டி. கொஞ்சம் தயங்கிவிட்டு வைக்கோலை அவள் பக்கம் தள்ளினார்.

தோல் சூடேறி இறுகியது. அஞ்சலே மண்ணிலேயே உட்கார்ந்து மடியில் நிறுத்தி அடித்தாள். சேகாவின் நடை தாழ்வாகத் தொடங்கும். அலை பின்வாங்குவது போல ஒரு இழுப்பு இருக்கும். முருகேசன் சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு குச்சியால் பறையின் ஓரத்தில் மட்டும் தட்டினார். அடுத்தவர் சேர்ந்தார். அவர்களுடைய அடி அவளுடையதைவிட வேகம். இரண்டு தடவை இடறியது. மூன்றாம் தடவை யாரோ “ஆங்!” என்றார்கள், எல்லாம் ஒன்றாக விழுந்தது. மைக்கும் நோட்டீஸும் அவளுக்கு மறந்துபோயின. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவள் உடம்பு ஓர் இடத்தில் இருக்கச் சம்மதித்தது அப்போதுதான். எவ்வளவு நேரம் அடித்தாள் என்று தெரியாது. நிமிர்ந்தபோது சுற்றிக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் நமச்சிவாயம்.

“எழுந்து வாம்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை. கோவில் பக்கம் நடந்தபடி அம்சவேணியிடம்தான் சொன்னார்: “பொண்ணுக்குத் தெரியல. பம்பு செட்டுக்குக் கூட்டிக்கினு போயி தலைக்கு ஊத்து. துணி மாத்திக்கினு வந்து பாடட்டும். அந்த மேளம் வெளியவே இருக்கட்டும்.”

“ஏன் குளிக்க வேண்டும்?” என்றாள் அஞ்சலே. “நான் காலையில் குளித்தேனே.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றது.

“அங்க ஒக்காந்துட்ட இல்ல,” என்றார் நமச்சிவாயம். “அவ்ளோதான். ஒரு செம்பு தண்ணி. பெரிய விஷயம் இல்ல.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் காது சூடானது. ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்ற அப்பாவின் குரல் கிரியோலில் கேட்டது.

“நான் குளிக்க மாட்டேன்.”

நமச்சிவாயம் இப்போதுதான் திரும்பினார், அவள் பக்கம் அல்ல, மரத்தடிப் பக்கம். “டேய் முருகேசா! வெளியூர்ப் பொண்ணு, அதுக்குத் தெரியாது. உனக்குமாடா தெரியாது? பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினு கூத்தடிக்கிற?”

 முருகேசனுக்குப் பின்னாலிருந்த வயதானவர் கலியாணசுந்தரம் முன்னால் வந்தார். “குளிச்சிடு தாயி,” என்றார் அஞ்சலேயிடம் தாழ்ந்த குரலில். “தண்ணிதான. கரகம் கெளம்பற நேரம். எங்களுக்குப் பேச்சு வாணாம்.”

“குளிக்காத,” என்றார் முருகேசன்.

இரண்டையும் கேட்டுக்கொண்டு அஞ்சலே நின்றாள். குளித்தால் இவர்களோடு உட்கார்ந்தது அழுக்கு என்று ஒப்புக்கொண்டதாகும். குளிக்காவிட்டால் அவள் வேனில் ஏறிப் போய்விடுவாள், பேச்சு வாங்குவது இவர்கள். எதைச் செய்தாலும் தப்பாகத் தெரிந்தது. அவள் அசையவில்லை.

அம்சவேணிக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணே, இன்னாண்ணே இது? அது என் ஊட்டுல இருக்குது. அது தொட்ட குண்டான்ல நா சோறு திங்கறேன். இப்ப நானும் குளிக்கணுமா?”

மடக்குவதற்காகக் கேட்டாள். அவர் “ஆமா. நீயும் குளி” என்றார்.

அம்சவேணியின் முகம் செத்துப்போனது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள், அஞ்சலேயைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பம்பு செட்டுக்குப் போய்ப் புதுச்சேலையோடு தண்ணீரில் நின்றாள். ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, அவளுக்கென்று வைத்திருந்த கூழ்ப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். 

முருகேசன் பறையைத் தோளில் மாட்டினார். “வாங்கடா போலாம்” என்றார். கலியாணசுந்தரம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர்களோடு போனார். ஏரிக்கரை காலியானது. கரகம் தூக்கியவர் அருள் வராமல் நின்றார். பேண்டு செட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆடி ஞாயிறில் எந்த செட்டு சும்மா இருக்கும்? கடைசியில் நமச்சிவாயம் வேன் பக்கம் வந்து, “மாப்ள, கேசட்டு போடு” என்றார்.

சபாபதி அஞ்சலேயைப் பார்க்காமல் கேசட்டைப் போட்டார். குழாய் ஸ்பீக்கரில் உடுக்கையும் பம்பையும் அலற, கரகம் நகர்ந்தது.

அவள் ராவானைத் துண்டில் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். மாகறல் பஸ் நிறுத்தத்தில் முருகேசன் நின்றிருந்தார். அவரும் காஞ்சிபுரம் பஸ்ஸுக்குத்தான். 

“நான் செய்தது தவறா?” என்று அவள் கேட்டாள்.

“தப்புன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா நீ கேக்காம வந்து ஒக்காந்துட்ட. ‘ஒக்காரட்டுமா’ன்னு கேட்டிருந்தா நா வாணாம்னிருப்பேன்.”

“நெருப்பு கேட்டேன்.”

“நெருப்பு கேட்ட,” என்று ஒப்புக்கொண்டார். சற்றுச் சிரித்தார் கூட. “நீ அடிச்சது நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா நீ போயிடுவ. நானும் டவுன்ல இருக்கறேன். எங்கண்ணன் இங்கியேதான இருக்கணும், அவங்க நெலத்துலதான வேலைக்குப் போகணும்.”

“அடுத்த வாரம் நான் வந்து உங்கள் அண்ணனிடம்…”

“வராத,” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. “இப்ப வராத.”

பஸ் வந்தது. அவர் பின்வாசலிலும் அவள் முன்வாசலிலும் ஏறினார்கள்.

அன்று சாயங்காலமே செவிலிமேடு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். அம்மன் விழாவில் பாடினாயா என்று அவர் ஆவலாகக் கேட்டார். சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாராம்.

“பாடவில்லை. ராவான் அடித்தேன், பறை அடிக்கிறவர்களோடு உட்கார்ந்து. குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.”



“அவர்கள் ஊர். அவர்கள் வழக்கம்,” என்றார் அப்பா.

“நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள், மார்லேன் வீட்டைப் பற்றி?”

“நான் உன்னைக் குளிக்கச் சொன்னதில்லை.”

“இல்லை,” என்றாள். அது உண்மைதான். ரிசீவரை வைத்தாள்.

அம்சவேணி பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு சபாபதி மாடிக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னார். மச்சான் இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். வேணி ராத்திரியெல்லாம் அழுகிறாள். “நீ வேற எடம் பாத்துக்கினா… கோச்சிக்காதம்மா.”

“நீங்கள் ஏன் அந்தக் கேசட்டைப் போட்டீர்கள்?” என்று கேட்டாள்.

“போடாம இன்னா பண்ணுவேன்?” என்றார் சபாபதி. அவருக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது போலிருந்தது. 

ஏனாத்தூர் பக்கம் பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க அவள் முன்னைவிட அதிகமாக அலைந்தாள். தஞ்சாவூர், மதுரை, ஒரு தடவை ரயிலில் பூரி வரை. திருவிழா என்றால் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பாள். கொட்டுகிறவர்கள் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கண் தானாகப் போகும். பார்த்தபிறகு அங்கே நிற்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள்.

முருகேசனை ஒருமுறை டவுன் பஸ்ஸில் பார்த்தாள். அண்ணனை அறுவடைக்கு யாரும் கூப்பிடவில்லை என்றார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சுமை தூக்கப் போகிறாராம். “நல்லதுக்குத்தான்னு சொல்றான். எனக்குத் தெரியல” என்றார். காலனிக்காரர்கள் இனி அந்தக் கோவிலுக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். கலியாணசுந்தரம் மட்டும் முருகேசனோடு பேசுவதில்லை.

வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. காலை வெயில் ஏறுவதற்குள் சின்ன காஞ்சிபுரம் தெருக்களில் தலைகள்தான் தெரிந்தன. மோர்ப்பந்தல் ஒன்றின் அருகே யாரோ அஞ்சலேயின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அம்சவேணி.

“எளச்சிட்ட,” என்றாள். “ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?”

“போடுகிறார்கள் அக்கா.”

“இன்னும் அந்த நியூஸ் தமிழ்தானா.” ஒரு டம்ளர் மோரை வாங்கி அவள் கையில் திணித்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அன்னிக்கு நா குளிச்சிருக்கக் கூடாது. தலை காயறத்துக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. ஆனா உம்மேலதான் கோவம் கோவமா வந்துச்சி. அண்ணன் மேல வரல. அது ஏன்னுதான் எனக்கு இன்னும் தெரியல.”

“எனக்கும் என்மேல்தான் வந்தது,” என்றாள் அஞ்சலே.

“பொங்கலுக்கு அண்ணன் வரிசை அனுப்பினாரு. நா வாங்கிக்கல. இந்த ஆடிக்கும் போகப் போறதில்ல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அம்மா சமாதி அங்கதான் இருக்குது. அதான் கஷ்டமா இருக்குது.”

பெரிய குடைகள் தெருமுனையில் தெரிந்தன. கூட்டம் கோவிந்தா என்று கத்திக்கொண்டு நெட்டித் தள்ளியது. இருவரும் ஒரு வீட்டுச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். கருடன் கடந்து போனபின் அம்சவேணி சேலையைச் சரிசெய்துகொண்டு, “ஊட்டுக்கு வா, சாப்டுட்டுப் போ” என்றாள்.

“இன்றைக்கு முடியாது. பகல் பேருந்தில் திருவண்ணாமலை போகிறேன். பயணச்சீட்டுக்கு…”

“பயணச்சீட்டா! போ, போ. போய்க்கினே இரு.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டடி நடந்து திரும்பி, “அப்ப நாளிக்கு வா” என்றாள்.

மறுநாள் செவிலிமேட்டுக்குப் போனாள். அம்சவேணி கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்து, அவளைச் சமையலறையிலேயே உட்காரவைத்துப் போட்டாள். தட்டில் சோறு பாதிகூட ஆகவில்லை. சபாபதி வாசலில் ஆம்ப்ளிஃபையரை வேனில் ஏற்றிக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார்.

“அஞ்சலம்மா, உத்திரமேரூர்ல ஒரு கல்யாணம் இருக்குது. வரியா?”

அஞ்சலே வாயில் சோற்றோடு எழப்போனாள்.

“சாப்ட உடுய்யா அத!” என்று கத்தினாள் அம்சவேணி, அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துக்கொண்டே.